வந்த ஆசிரியரை விருந்தாளியாகவே வைத்திருக்காதீர்கள்

பரிமாற்றத் திட்டத்தில் வரும் வெளிநாட்டு ஆசிரியரைக் கொழும்பில் தங்கள் வீட்டில் தங்கவைத்து, அவரோடு சேர்ந்து பாடமும் எடுக்கப் போகும் ஆசிரியர்கள் வழக்கமாகக் கேட்பது கட்டிலைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும்தான். அவை இரண்டும் சுலபம். இரண்டு மூன்று வாரம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு அந்நியராகவே பிரிந்து போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். பல வீடுகளில் அதற்குக் குறுக்கே நிற்பது எங்கள் உபசரிப்பே. குடித்த கோப்பையைக் கழுவக்கூட விடமாட்டோம். வந்தவர் நன்றி சொல்லிச் சொல்லியே களைத்துப்போவார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நான்காம் நாள் வாசல் திறப்பைக் கையில் கொடுத்து, வீட்டில் ஒரு வேலையையும் ஒப்படையுங்கள்.

அதற்கு முன் கடதாசி வேலை. பாடசாலையில் வகுப்பெடுக்க வருகிறவர் சுற்றுலா விசாவில் வரக்கூடாது. பயணச்சீட்டு வாங்குமுன், அவரை அனுப்புகிறவர்களிடம் இதைக் கேட்டுத் தெளிவாக்குங்கள். தேசியப் பாடசாலை மத்திய கல்வி அமைச்சின் கீழும், மாகாணப் பாடசாலை மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழும் வருகிறது. அதிபர் வாயால் ஓம் என்பது போதாது, எழுத்தில் அனுமதி வேண்டும். வீட்டில் வெளிநாட்டவர் தங்குவதைக் கிராம சேவகருக்கும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. தொடர்மாடியில் இருந்தால் வாசல் காவலாளியிடமும் பெயரைக் கொடுத்துவையுங்கள்.

பணத்தைப் பற்றி முதல் நாளே பேசிவிட வேண்டும். கூச்சத்தில் தள்ளிப்போட்டால் அது கடைசி வாரத்தில் முகச்சுளிப்பாக வெளியே வரும். பெரும்பாலும் பிரச்சினை ஏசியில்தான் தொடங்கும். ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய 1 அலகு வரை எடுக்கும். இரவில் 8 மணி நேரம், 20 இரவு என்றால் 160 அலகு. வீட்டின் வழமையான பாவனையோடு சேர்த்தால் மாதம் 180ஐத் தாண்டி, கட்டணத்தின் ஆக உயர்ந்த படிக்குப் போய்விடும். மீற்றர் அலகை வந்த அன்றே இருவரும் சேர்ந்து பார்த்து எழுதிவைத்தால் பிறகு பேச்சுக்கு இடமில்லை.

அறையில் மின்விசிறி, நுளம்பு வலை, கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தல் இருந்தால் போதும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பதால் வலையை மட்டும் நம்பக்கூடாது. பாடசாலைக்குப் போகுமுன் கைகால்களுக்கு நுளம்பு விரட்டிப் பூச்சுப் பூசச் சொல்லுங்கள். இன்னொன்று சொக்கெற். புதிய தொடர்மாடிகளில் சதுர முள் 13 அம்பியர், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பழைய வீடுகளில் உருண்டை முள். அடப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. இங்கே 230 வோல்ட்; ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. தொலைபேசி, மடிக்கணினிச் சார்ஜர்களில் பொடி எழுத்தில் 100–240 என்று இருந்தால் பயமில்லை. 100 என்று மட்டும் போட்ட தலைமுடி உலர்த்தியை இங்கே செருகினால் ஐந்து மடங்குக்கு மேல் சூடேறிக் கருகிவிடும். முதல் இரவே சாமான்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள்.

பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடும். ஏழு மணிக்குப் பிறகு காலி வீதியை நம்ப முடியாது. முதல் இரண்டு நாள் ஓட்டோவில் கூட்டிப் போனாலும், மூன்றாம் நாள் 100 அல்லது 101 பஸ்ஸில் ஏறப் பழக்குங்கள். தனியாக வீடு திரும்பத் தெரிந்தவருக்குத்தான் ஊர் பிடிபடும்.

பாடசாலைக்குள் வரும் பெரிய ஆபத்து மாலை மரியாதை. மங்கள விளக்கு, வரவேற்புரை, நடனம், படம் எடுத்தல் என்று முதல் மூன்று நாள் கரைந்துபோகும். வந்தவர் ஒரு வகுப்பைக்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டார். காலைக் கூட்டத்தில் ஒரேயொரு நாள், பதினைந்து நிமிடம் என்று அதிபரிடம் முன்பே பேசி நேரசூசியில் போட்டுவிடுங்கள். மாணவர்களின் படங்கள் வெளியே போவதற்கும் அப்போதே ஒரு வரையறை வேண்டும். சீருடையும் பட்ஜும் தெரிந்தால் பிள்ளை எந்தப் பாடசாலை என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

சேர்ந்து எடுக்கும் பாடத்துக்கு மொழியை அதிகம் நம்பாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது எட்டாம் தரத்துக்கு மழைவீழ்ச்சி வரைபு. கொழும்பின் மாத மழை ஒரு கொப்பிப் பக்கத்தில், விருந்தினர் ஊர் மழை அதன் கீழே. கொழும்பில் மே மாதத்தில் ஒரு சிகரம், ஒக்டோபர்–நவம்பரில் இன்னொன்று. சியோலில் ஜூலை, ஓகஸ்டில் ஒரே குவியல். லண்டனில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே மட்டம். நிலைக்குத்து அச்சில் 50 மில்லிமீற்றருக்கு 1 சென்ரிமீற்றர், 400 வரை; கிடை அச்சில் மாதத்துக்கு 1 சென்ரிமீற்றர். இரண்டு வரைபுக்கும் இதே அளவுத்திட்டம் இருக்கவேண்டும். ஒன்றை 100 வரையும் மற்றதை 400 வரையும் வரைந்தால் லண்டனில் கொழும்பைவிட அதிகம் மழை என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள்.

நாற்பது நிமிடத்தில் முதல் ஐந்து உங்களுக்கு, தமிழில். அடுத்த பத்து அவருக்கு. பதினைந்து நிமிடம் இருவர் இருவராக வரைவதற்கு, மீதி பிள்ளைகள் விளக்குவதற்கு. அவர் சொல்லும் ஒவ்வொரு வசனத்தையும் நீங்கள் மொழிபெயர்க்கத் தொடங்கினால் பாடம் பாதியில் மணியடித்துவிடும். ஆறு முக்கிய சொற்களை இரு மொழியிலும் கரும்பலகையில் முன்பே எழுதிவிட்டால் போதும். ‘விளங்கிச்சா?’ என்று கேட்டால் முழு வகுப்பும் ‘ஓம் மிஸ்’ என்று ஒரே குரலில் சொல்லும். வந்தவர் அதை நம்பிவிடுவார். சோடிக்கு ஒரு துண்டுக் கடதாசி கொடுத்து ஒரு கேள்வி எழுதி வாங்குங்கள், விளங்கியதும் விளங்காததும் அதில் தெரியும்.

பாடம் முடிந்து ஆசிரியர் அறையில் இருவருமாக அந்தத் துண்டுகளை வாசிக்கும் பத்து நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று ஒரே வேலை தெரிந்த இருவர் பேசும்போது மரியாதை விலகிப் பேச்சு நேராக வரும். நட்பு பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

வீட்டில் அதே காரியத்தைக் குசினி செய்யும். ஒப்படைக்கச் சிறந்த வேலை சொதி, அதுவும் தேங்காய் திருவுவதிலிருந்து. திருவலையில் இருந்து முதல் தேங்காயை முடிக்க அவருக்கு அரை மணி பிடிக்கும், பிடிக்கட்டும். நாலு பேருக்கு முதற்பால் ஒரு கோப்பை, இரண்டாம் பால் இரண்டு கோப்பை. இரண்டாம் பாலில் சின்ன வெங்காயம், கீறிய பச்சைமிளகாய் இரண்டு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை போட்டு வெங்காயம் அவியும்வரை கொதிக்கவிடுங்கள். மிளகாயை நசுக்காமல் கீறிப்போட்டால் உறைப்பு அடங்கியிருக்கும். பிறகு முதற்பாலும் உப்பும் சேர்த்துக் கை எடுக்காமல் துழாவி, ஓரம் பொங்கும்போதே இறக்கிவிட வேண்டும். தேசிப்புளி இறக்கிச் சற்று ஆறிய பிறகுதான். அடுப்பில் இருக்கும்போதே விட்டால் சூட்டில் புளி பட்டுப் பால் திரைந்துவிடும். முதல் தடவை திரைந்தாலும் பரவாயில்லை, அதையே இடியப்பத்தோடு சாப்பிடுங்கள். மறுநாளும் அவரே செய்யட்டும்.

வெள்ளிக்கிழமை மச்சம் இல்லாத வீடென்றால் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். போயா தினத்தில் இறைச்சிக் கடையும் மதுக்கடையும் மூடியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. ஆடிவேல் நாட்களில் வருகிறவரைச் செட்டியார் தெருவுக்குக் கூட்டிப்போகலாம். நவராத்திரிக் காலமென்றால் பாடசாலை வாணி விழாவில் மேடைக்குக் கீழே கதிரை அடுக்கும் வேலையைக் கொடுங்கள்.

அவர் ஊர் போன பிறகும் இணையத்தில் சேர்ந்து வகுப்பெடுக்க, திரும்பிப் போகுமுன் நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானும் கொரியாவும் எங்களைவிட மூன்றரை மணி நேரம் முன்னே. எங்கள் ஒன்பது மணி அவர்களின் பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம். எட்டு மணிப் பாடவேளையே பொருந்தும். பிரித்தானியா கோடையில் நாலரை மணி பின்னே, குளிர்காலத்தில் ஐந்தரை. கோடையில் எங்கள் கடைசிப் பாடவேளை அங்கே காலை எட்டரை மணியை ஒட்டி வரும். குளிர்காலத்தில் நேரடி வகுப்பு நடக்காது, பதிவுசெய்த காணொளியைத்தான் அனுப்ப வேண்டும். கல்வியாண்டு ஜப்பானில் ஏப்ரலிலும் கொரியாவில் மார்ச்சிலும் இங்கிலாந்தில் செப்டெம்பரிலும் தொடங்குகிறது. எங்களுக்கு ஜனவரி வழமை என்றாலும் அண்மைய ஆண்டுகளில் அதுவும் பிந்தியிருக்கிறது. ஆகவே இரண்டு பாடசாலைகளின் தவணை விடுமுறைகளையும் பரீட்சை வாரங்களையும் ஒரே தாளில் எழுதி, ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தனுப்புங்கள். அடுத்த மழை வரைபு எந்தக் கிழமையில் என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள்.