மலையில் எடுக்காத வண்டி

மேட்டுப்பாளையத்தில் டீசல் வண்டி வேலை பார்க்கிற எங்களுக்கு மார்கழி, தை வந்தால் ஒரே மாதிரி புகார்தான் வரும். ஊட்டி, கேத்தி பக்கமிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு மண்டிக்கு இறங்குகிற பழைய பிக்கப் வண்டிகள். "மேல காலைல எடுக்கவே மாட்டேங்குதுங்ணா" என்பார் டிரைவர். சாவியை வாங்கித் திருப்பிப் பார்த்தால் செல்ஃப் அடித்த உடனே எடுத்துக்கொள்ளும். கோளாறை மலையிலேயே விட்டுவிட்டு வண்டி மட்டும் இறங்கி வந்திருக்கும்.

டிரைவர் பொய் சொல்வதில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். டீசல் எஞ்சினில் பொறி போடுகிற பிளக் கிடையாது. உள்ளே வந்த காற்றை நசுக்கும்போது ஏறுகிற சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மேலே நசுக்கக் கிடைக்கிற காற்றே குறைவு, அதுவும் உறைபனிக் காற்று. குளிரில் ஆயில் கெட்டிப்பட்டு எஞ்சின் சுற்றவே சிரமப்படும், பேட்டரியின் பலமும் அந்த நேரத்தில் இறங்கியிருக்கும். சுற்று மெதுவானால், நசுங்கிய காற்றின் சூட்டை சிலிண்டர் சுவர் குடித்துவிடும். கீழே ஒன்றும் பண்ணாத சின்னக் கோளாறு மேலே போய் வண்டியையே நிறுத்திவிடுகிறது.

அதனால் பானெட்டைத் திறக்கும் முன் நான் டிரைவரைத்தான் விசாரிப்பேன். அவசரத்தில் நிற்கிறவர்களுக்கு இது பிடிக்காது. "பார்த்துச் சொல்லுங்ணா, என்னைக் கேட்டா எப்படி" என்று ஒருவர் சலித்துக்கொண்டதும் உண்டு. ஆனால் இரண்டு கேள்விகளை நான் விடுவதே இல்லை. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருகிறதா? ராத்திரி வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?

புகையே இல்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தும் எடுக்கவில்லை என்றால் டீசல் போகிறது, பற்றவில்லை. இந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை குறைந்துவிடும். ஒன்றில் டேங்கிலிருந்து பம்ப் வரை தேட வேண்டும், மற்றதில் ஹீட்டர் பிளக் (எடுக்கும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றித் தருவது), கம்ப்ரஷன் (காற்றை நசுக்குகிற அழுத்தம்), டைமிங் (டீசல் தெளிக்கிற நேரம்) என்று தேட வேண்டும்.

போன குளிர்காலத்தில் வந்த ஒரு கேரட் வண்டிக்கு வேறு இடத்தில் ஏற்கனவே புது பேட்டரி போட்டிருந்தார்கள், செல்ஃப் மோட்டாரையும் கழற்றி வேலை பார்த்திருந்தார்கள். கரண்ட் பக்கத்தை நானும் பார்த்தேன். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் வைத்தேன், கால் வோல்ட்கூடக் காட்டவில்லை. எர்த் சரி. அந்த வண்டிக்குப் பேட்டரி செலவு தேவைப்பட்டிருக்காது, ஆனால் அதை இப்போது சொல்லி யாருக்கு லாபம்?

டிரைவர் தம்பி சொன்ன விஷயம்தான் முக்கியம். "முதல்ல புகையே வராதுங்ணா. ரொம்ப நேரம் அடிச்சா வெள்ளையா வரும், அப்புறம் ரெண்டு சிலிண்டர்ல தட்டித் தட்டி எடுக்கும்." வண்டி எப்படி நிற்கும் என்று கேட்டேன். வீட்டு வாசலில் மேட்டைப் பார்த்து நிற்குமாம். தோட்டத்து ஷெட்டில் பள்ளம் பார்த்து நிறுத்துகிற நாளில் இவ்வளவு பாடில்லையாம்.

இதில் கோளாறு இரண்டு. மூக்கு மேலே தூக்கி நிற்கும்போது டேங்கைவிட பம்ப் உயரத்தில் இருக்கும். எங்கேயாவது காற்று எடுத்தால் லைனில் இருக்கிற டீசல் ராத்திரியோடு டேங்குக்குத் திரும்பிவிடும். காலையில் காலி லைனை நிரப்பவே செல்ஃப் பாடுபட வேண்டும். நிரம்பிய பிறகும் வெள்ளைப் புகையோடு தடுமாறுகிறது என்றால் சூடும் போதவில்லை.

காற்று எடுக்கிற இடத்தைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். பம்ப்புக்கு முன்னால் இருப்பது உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் பல நேரம் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற கதைதான். ஈரம் தெரியாததால் "லீக்கே இல்லையே" என்று எல்லாரும் கடந்து போவார்கள். நான் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ளே தெரிகிற ஹோஸ் ஒன்றை மாட்டி, முன் சக்கரங்களை மரக்கட்டைமேல் ஏற்றி, ராத்திரி அப்படியே விட்டேன். காலையில் ஹோஸ் பாதி காலி. செல்ஃப் அடித்தால் குமிழ் குமிழாக வந்தது. அப்புறம் டேங்கிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக விலக்கி, கேனிலிருந்து டீசல் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஃபில்டர் தலையில் இருக்கிற கை பம்ப்பின் ரப்பர் சீல் இறுகிக் கல்லாகிப் போயிருந்தது. ஒரு நாள் டீ செலவுக்குள் அடங்குகிற சாமான்.

அடுத்தது ஹீட்டர் பிளக். இது பிரீ சேம்பர், அதாவது டீசல் முதலில் பற்றுகிற சின்னத் தனி அறை வைத்த பழைய எஞ்சின். குளிரில் ஹீட்டர் பிளக் இல்லாமல் இதை எடுக்க வைப்பது பெரும்பாடு. டேஷ்போர்டில் ஹீட்டர் லைட் எரிந்து அணைகிறதே என்று டிரைவர் நம்பியிருந்தார். அந்த லைட் டைமர் கணக்குக்குத்தான் அணைகிறது, பிளக் சூடானதா என்று அதற்குத் தெரியாது. நான்கு பிளக்கையும் இணைக்கிற பட்டையைக் கழற்றாமல் மீட்டர் வைத்தாலும் ஏமாற வேண்டியதுதான், ஒன்று உயிரோடு இருந்தாலே நான்கும் நல்லதாகத் தெரியும். பட்டையைக் கழற்றித் தனித்தனியாகப் பார்த்தேன். இரண்டு 1 ஓம் அளவில் காட்டின, மற்ற இரண்டும் செத்திருந்தன. கீழே இருக்கிற வெயிலுக்கு இரண்டே போதும், மலையில் போதாது.

செத்த இரண்டை மட்டும் மாற்றச் சொன்னார் வண்டி முதலாளி. மீதி இரண்டுக்கும் அதே வயசு என்று சொல்லி நான்கையும் மாற்றினேன். பழைய பிளக்கைக் கழற்ற அவசரப்படக் கூடாது. எஞ்சினைச் சூடாக்கி, துரு எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் திருப்பித்தான் எடுக்க வேண்டும். முறிந்து சிலிண்டர் ஹெட்டுக்குள் மாட்டிக்கொண்டால் ஹெட்டையே இறக்க வேண்டி வரும்.

இதெல்லாம் தெரியவரும் முன் அந்தத் தம்பி செய்துவந்தது என்ன தெரியுமா? ஏர் ஃபில்டரில் ஸ்டார்டிங் ஸ்ப்ரே, சட்டென்று பற்றுகிற ஈதர் கலந்தது. உள்ளே ஹீட்டர் பிளக் தணலாக இருக்கும்போது ஈதர் போனால், பிஸ்டன் மேலே வந்து முடிக்கும் முன்பே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டனே போகும். பெட்ரோல் நனைத்த துணியைக் காற்றுக் குழாயில் காட்டுகிறவர்களும் உண்டு. லோடு ஏலத்துக்குள் மண்டிக்குப் போகவில்லை என்றால் நஷ்டம், அந்த அவசரம் எனக்கும் புரிகிறது. இருந்தாலும் ஸ்ப்ரே கேனைக் கண்டால் பிடுங்கி வைத்துவிடுவேன்.

இதற்கு நேர் எதிரான வண்டிகளும் வரும். காலையில் ஒழுங்காக எடுக்கும், ஓடிவந்து டீ குடித்து முடிப்பதற்குள் எடுக்காது. ரோட்டரி பம்ப் தேய்ந்திருந்தால், சூட்டில் நீர்த்துப்போன டீசல் பம்ப்புக்குள்ளேயே கசிந்து, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நாசிலைத் திறக்கிற அழுத்தம் வராது. ஈரச் சாக்கை பம்ப் மேல் போட்டு ஆறவிட்டு எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பம்ப் வேலைக்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டு, சாக்கும் தண்ணீர் பாட்டிலுமாகவே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

கேரட் வண்டிக்கு வருகிறேன். பிளக் கழற்றிய ஓட்டையிலேயே கேஜ் மாட்டி கம்ப்ரஷனும் பார்த்துவிட்டேன். மூன்று சிலிண்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 26 கிலோவை ஒட்டி வந்தது, மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 22. ஸ்ப்ரே செய்த வேலையா, வயசு செய்த வேலையா, பிரித்தால்தான் தெரியும். முதலாளியிடம் எண்ணைக் காட்டி, இந்த வருஷம் ஓடிவிடும், அடுத்த மார்கழி உறுதி இல்லை என்றேன். "சீசன் முடியட்டுங்க, பார்த்துக்கலாம்" என்றார். பில்லின் பின்பக்கம் நான்கு எண்ணையும் தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன், அடுத்து யார் பிரித்தாலும் உதவும். இப்போதைக்கு மேட்டைப் பார்த்து நிறுத்தினாலும் எடுக்கிறதாம்.