அடைபட்ட பித்தநாளமும் ஆன்டிபயாடிக் தேர்வும்

கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் பித்தநாளத்தில் தொற்றுடன் ஒருவர் வார்டில் சேர்ந்ததும், பயிற்சி மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த ஆன்டிபயாடிக் பித்தநீரில் அதிகம் சேரும் என்பதைத்தான். செஃப்ட்ரியாக்சோன் கணிசமான அளவில் பித்தநீர் வழியாக வெளியேறுவது உண்மையே. ஆனால் கல்லோ கட்டியோ நாளத்தை அடைத்து உள்ளே அழுத்தம் ஏறிவிட்டால், மருந்து பித்தநீரை எட்டுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, அந்த அழுத்தமே கிருமிகளை ரத்தத்துக்குள் தள்ளவும் செய்கிறது. ஆகவே தொடக்கத்தில் நாம் கொடுக்கும் மருந்து ரத்தத்தில் பரவும் தொற்றைக் கட்டுப்படுத்தத்தான். நாளத்துக்குள் தேங்கிய சீழை வெளியேற்ற இ.ஆர்.சி.பி. (வாய்வழியே எண்டோஸ்கோப் குழாயைச் செலுத்தி நாளத்தின் அடைப்பை நீக்கும் முறை) போன்ற வடிகால் சிகிச்சை வேண்டும்.

எனவே மருந்து பித்தநீரில் எவ்வளவு சேரும் என்பதைவிட, நோயாளியின் முந்தைய வரலாற்றையே நான் அதிகம் நம்புகிறேன். முதல்முறையாகக் கல்லடைப்பு ஏற்பட்டு வீட்டிலிருந்து நேராக வருபவரிடம் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் கிருமிகளையே எதிர்பார்க்கிறோம். ரத்த அழுத்தம் சீராக இருந்து, அந்த மருத்துவமனையில் கிருமிகள் மருந்துகளை எதிர்க்கும் நிலவரமும் இடம் கொடுத்தால் செஃப்ட்ரியாக்சோனே போதும். ஏற்கெனவே நாளத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, பலமுறை மருந்துகள் ஏற்றப்பட்டவரின் நிலை வேறு. சிறுகுடல் கிருமிகள் ஸ்டென்ட் வழியே மேலேறிக் குடியிருக்கும். அவற்றில் என்டிரோகாக்கஸ் செஃப்ட்ரியாக்சோனுக்குக் கட்டுப்படாது என்பதால் பிப்பராசிலின்-டாசோபாக்டம் பக்கம் சாய்கிறேன். பித்தநாளத்தைக் குடலுடன் இணைத்த அறுவை சிகிச்சை நடந்திருந்தால், ஆக்சிஜனின்றி வாழும் கிருமிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி (ஷாக்) நிலைக்குப் போய்விட்டவரிடம் இவ்வளவு யோசனைக்கு இடமில்லை. ரத்தக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மாதிரி எடுத்த கையோடு, 1 மணி நேரத்துக்குள் பலவகைக் கிருமிகளைத் தாக்கும் பரந்த வீச்சுள்ள மருந்து உள்ளே போயாக வேண்டும்.

என்னைச் சங்கடப்படுத்துவது அதற்குப் பிந்தைய நாட்கள்தான். முதல் இரவில் தயங்காமல் மெரோபெனெம் என்ற பரந்த வீச்சுள்ள மருந்தை எழுதும் நாம், எளிய மருந்தே போதும் என்று கல்ச்சர் முடிவு வந்த பிறகும் அதை மாற்றத் தயங்குகிறோம். ஸ்டென்ட் உள்ளவரின் பித்தநீர்க் கல்ச்சரில் பல கிருமிகள் வளரும் என்பதால், அத்தனைக்கும் மருந்து தேடும் போக்கும் உண்டு. ரத்தத்திலும் வளர்ந்த கிருமிக்கே நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். பித்தநாள, பித்தப்பைத் தொற்றுகளுக்கான 2018-ஆம் ஆண்டின் டோக்கியோ வழிகாட்டுதல்களின்படி, அடைப்பு நீங்கியபின் 4 முதல் 7 நாட்கள் மருந்து போதும். என்டிரோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் (கிராம் சாயச் சோதனையில் ஊதா நிறம் காட்டும்) கிருமி ரத்தத்தில் இருந்தால் மட்டும் குறைந்தது 2 வாரம்.

வீடு திரும்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட் வைத்த தேதி, வளர்ந்த கிருமி, அது கட்டுப்பட்ட மருந்து, கட்டுப்படாத மருந்து ஆகியவற்றைக் கட்டாயம் எழுதச் சொல்கிறேன். அடுத்த முறை குளிர்காய்ச்சலுடன் அவர் வேறொரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்குள்ளவர்களுக்கு உடனே தேவைப்படுவது அந்த விவரம்தான்.