ஜெயித்த படகுக்கு 150 கிராம்

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா” என்று எங்கள் படகுப் பந்தயத்தில் கலந்துகொண்ட ஒரு மாணவியிடம் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. விதித்தாளை எழுதியவன் நான். செமஸ்டர் தொடங்கும்போதே நோட்டீஸ் போர்டில் ஒட்டியாயிற்று, யாருக்கும் அது புதுசு கிடையாது. இருந்தும், பொங்கல் முடிந்து ஒர்க்‌ஷாப்பில் பிள்ளைகள் தெர்மாகோல் அறுக்க ஆரம்பித்தால் அந்த வாக்கியம் எனக்குள் மறுபடி ஓடத் தொடங்கிவிடுகிறது.

எங்கள் பாலிடெக்னிக்கின் ஊருணிப் பந்தயம் பெரிய சமாச்சாரம் இல்லை. ரிமோட்டில் ஓடும் சின்னப் படகுகள்தான். பெட்ரோல் என்ஜின் வைக்கலாமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தோம். “எண்ணெ மெதந்தா மாடு வாய் வைக்காது தம்பி” என்று ஊர்ப் பெரியவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். குடிநீர் ஊருணிப் பக்கமே வரக்கூடாது. குளிக்கிற ஊருணியில், பேட்டரி மோட்டார் என்றால் சரி. செம்புராங்கல் படித்துறையில் பாதி ஊர் உட்கார்ந்து பார்க்கும்.

விதி சுருக்கமானது. மோட்டார் ஒரே மாடல், மொத்தமாக நாங்களே வாங்கிக் கொடுப்போம். பேட்டரி மூன்று செல், 11.1 வோல்ட். புரொப்பல்லர் ஒரே அளவு. படகின் எடை ஒன்றரை கிலோவுக்குக் குறையக்கூடாது. கடைசியாக ஒன்று: முதல் ஓட்டத்தில் ஜெயித்த படகு இறுதி ஓட்டத்தில் 150 கிராம் கூடுதலாகச் சுமக்க வேண்டும். இதைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய வருஷம் ஒரு படகு மற்றவற்றை முழுச் சுற்று முந்திக்கொண்டு போய்விட, படித்துறையில் இருந்த சனம் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. “அடுத்த தடவை கொஞ்சம் விறுவிறுப்பா இருக்கட்டும் சார்” என்றார் பிரின்சிபால்.

நான் ஒன்றும் இதை வானத்திலிருந்து பறிக்கவில்லை. குதிரைப் பந்தயத்தில் குதிரைக்கு ஈயம் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். நல்ல குதிரைக்கு எடை அதிகம். பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் முன்னணியில் இருக்கும் காருக்கு 75 கிலோ வரை ஏற்றிய காலம் உண்டு. 2022-இல் அதை விட்டுவிட்டு, ஹைபிரிட் மோட்டாரின் உதவியைக் குறைக்க ஆரம்பித்தார்கள். எடையை எடுத்துவிட்டுச் சக்தியில் கை வைத்தார்கள் என்பதை நான் அப்போதே கவனித்திருந்தேன். ஆனால் அவர்களிடம் அதற்கான கருவி இருக்கிறது. எங்களிடம் இருந்தது மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசு.

முதல் ஓட்டத்தில் ஜெயித்தது அந்தப் பெண்ணின் படகு. இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல், தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளை. ஃபைபர் துணியை ஒரே அடுக்காகப் போட்டு, ரெசின் தடித்துப்போன இடங்களை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துச் செய்த படகு அது. சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் படகைத் தராசில் வைத்து, நோட்டின் பின்பக்கத்தில் எடையைக் குறித்துவிட்டுத்தான் போவாள். பந்தயத்தன்று படகு 1,510 கிராம் இருந்தது. அதற்கு மேல் இளைக்க விதியில் இடமில்லை.

ஈயத்துண்டுகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வீல் பேலன்சிங் செய்யும்போது டயர் கடையில் ரிம்முக்குள் ஒட்டுவார்களே, பின்னால் பசை வைத்த சின்னச் சின்னக் கட்டிகள், அவைதான். கையில் வாங்கிக்கொண்டு, “சார், மாசக் கணக்கா தேய்ச்சு நாங்க எடுத்ததே இவ்வளவுதான் இருக்கும். அதைத் திரும்ப ஒட்டச் சொல்றீங்களே” என்றாள். கோபமாகக்கூட இல்லை. அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவள் உடனே, “அந்தப் படகுக்கும் அதே விதியா சார்?” என்று இரண்டாவதாக வந்த படகைக் காட்டினாள்.

அந்தப் படகை நான் முன்பே பார்த்துவிட்டேன். கரைக்கு வந்தபோது மோட்டாரிலிருந்து வார்னிஷ் காய்ந்த வாடை அடித்தது. விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். மற்ற படகுகளின் மோட்டார் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. “டைமிங் ஏத்தியிருக்கீங்களாடா?” என்றதற்கு, “ஆமா சார், விதியில ஒண்ணும் சொல்லலையே” என்றான் அந்த அணியின் பையன். உண்மைதான். ஸ்பீடு கன்ட்ரோலரில் டைமிங்கை ஏற்றினால், அதாவது மோட்டார் காயிலுக்குக் கரண்ட் போகிற நேரத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால், அதே மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்து வேகமாகச் சுற்றும், சூடும் ஆகும். எங்கள் விதி மோட்டாரைச் சொல்கிறது, பேட்டரியைச் சொல்கிறது, கன்ட்ரோலரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆக, ஒருத்தி இலேசாகச் செய்தாள், ஒருவன் சக்தியைக் கூட்டினான். இரண்டும் கெட்டிக்காரத்தனம், இரண்டும் விதிக்குள். அவன் மட்டும் ஜெயித்திருந்தால் அவனுக்கும் இதே 150 கிராம்தான். அதனால் நான் சொன்னது சரிதான் என்று எத்தனையோ முறை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். ஆனால் அவள் கேட்டது அதுவல்ல என்று தோன்றுகிறது. அவள் செய்த வேலை தராசில் தெரிந்தது. அவன் செய்த வேலை எதிலும் தெரியவில்லை, என் விரலில் தவிர.

எனக்குத் தெரிந்தவரை இது எங்கள் ஊருணியோடு நிற்கிற விஷயம் இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஃபார்முலா ஒன் விசைப்படகுப் பந்தயமே இதில்தான் பிளந்தது. ஒரு பக்கம் 3.5 லிட்டர் வி-8 என்ஜின், இன்னொரு பக்கம் 2 லிட்டர் என்ஜின். ஒரே தண்ணீரில் இரண்டையும் எப்படி ஓட்டுவது? கடைசியில் பெரிய என்ஜினுக்கு ஓஸட், 2 லிட்டருக்கு ஓஎன் என்று தனித்தனி வகுப்பாயிற்று. இப்போதைய ஃபார்முலா 4 படகுப் பந்தயத்தில் 60 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின்தான், கம்பெனியிலிருந்து வந்தபடி. ஏன் அப்படி என்றால், ‘60’ என்று மூடியில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது. சில கம்பெனிகளின் 9.9 குதிரைத்திறன் என்ஜினும் 15 குதிரைத்திறன் என்ஜினும் உள்ளே ஒரே பிளாக்தான். கார்புரேட்டர் மாதிரி சில சாமான்கள்தான் வேறு. தொண்டியில் படகு என்ஜின் பார்க்கும் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

இறுதி ஓட்டத்தில் அவள் படகு இரண்டாவதாக வந்தது. நேர்ப்பாதையில் குறையில்லை. திருப்பத்தில் வேகம் குறைந்ததும் படகு தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டது. மறுபடி முகப்பைத் தூக்கித் தண்ணீர் மேல் ஏறி வழுக்குவதற்குள் அந்தப் பையனின் படகு போய்விட்டது. இதுதான் படகில் எடையின் குணம். காரில் 75 கிலோ ஏற்றினால் கார் கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். படகு தண்ணீரைக் கிழித்துப் போகிற நிலையிலிருந்து தண்ணீர் மேல் எழும்புகிற இடத்தில் ஒரு மேடு மாதிரி இருக்கிறது. சக்தி தாராளமாக இருக்கிற படகு அதைத் தாண்டிவிடும். சக்தி மட்டாக இருக்கிற படகுக்கு அந்த 150 கிராம்தான் மேட்டின் உச்சி. அதே தண்டனை ஒருவருக்குத் தூசு, இன்னொருவருக்குப் பாறை. இதெல்லாம் நானே வகுப்பில் நடத்துகிற பாடம்.

ஆனால் தோல்விக்கு எடைதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. ஈயத்தை எங்கே ஒட்டுவது என்று விதி சொல்லவில்லை. முகப்பு துள்ளாமல் இருக்கட்டும் என்று அவள் முன்பக்கம் ஒட்டியிருந்தாள். ஒட்டிய இடமும் படகு எழும்புவதைப் பாதித்திருக்கலாம். பேட்டரியை முழுசாக சார்ஜ் ஏற்றினார்களா என்பதும் சந்தேகம். எடையோடு சேர்த்தும் அவள் படகு 1,660 கிராம்தான். அந்தப் பையனின் படகு 1,620. நாற்பது கிராம் வித்தியாசத்துக்கு இவ்வளவு நினைக்க வேண்டுமா என்றும் இருக்கிறது.

எங்கள் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு ஒரே போடாகப் போட்டார். அவர் வீட்டில் பந்தய மாடு உண்டு. “பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு ஓடறதுக்கு முன்னாடியே பிரிச்சுடுறோம்ல? போன ஊர்ல ஜெயிச்ச சோடின்னு வண்டியில யாராவது கல்லு ஏத்துறாங்களா?” என்றார். நான் பார்த்தவரையில் ஏற்றியது இல்லை. ஆனால் மாட்டை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று விடிகாலையில் நடக்கும் சண்டையையும் பார்த்திருக்கிறேனே அண்ணே என்றேன். “சண்டை வரட்டுமே, ஓட்டத்துக்கு முன்னாடிதானே வருது” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜெயிக்கிற சோடியே எல்லா ஊரிலும் ஜெயித்துக்கொண்டிருக்கிறதே, அது நியாயமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த வருஷம் விதித்தாளைத் திருத்த மாணவர் குழு ஒன்றைப் போட்டேன். அவளையும் சேர்த்தேன், பரிகாரமாக என்று வைத்துக்கொண்டாலும் சரி. எடைத் தண்டனையைத் தூக்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். வந்த வரைவில் கன்ட்ரோலரை நிர்வாகமே செட் செய்து சீல் வைக்க வேண்டும் என்று இருந்தது. வாட்மீட்டர் ஒன்று வாங்கி, படகைத் தொட்டியில் கட்டிவைத்து ஓடவிட்டு, எத்தனை வாட் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஈயத்தை மோட்டாருக்கு மேலேயே ஒட்ட வேண்டும் என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். 150 கிராம் அப்படியே இருந்தது.

“இதை ஏம்மா எடுக்கல?” என்றேன்.

“எடுத்தா நாங்கதானே சார் மறுபடியும் ஜெயிப்போம்” என்றாள்.

அது பெருந்தன்மையா, என்னைக் குத்துவதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வாட்மீட்டர் வாங்கியாயிற்று. அது பேட்டரியிலிருந்து போகிற சக்தியைத்தான் காட்டுகிறது, புரொப்பல்லருக்குப் போய்ச் சேருவதை இல்லை. அதைச் சொல்லிக்கொண்டு இந்த வருஷப் பிள்ளைகள் இப்போதே வந்து நிற்கிறார்கள்.