ஆடிய பந்துதான் வேண்டும்

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் இந்திய வீரர் ஒருவர் போட்டு ஆடிய வெள்ளைச் சட்டை தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். விலை பதினெட்டாயிரம். கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 அடித்த மேட்ச் அது, மறக்க முடியுமா? படம் அனுப்புங்கள் என்றேன். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் சட்டையின் முதுகில் பெயரும் எண்ணும் பளிச்சென்று இருந்தன. அத்தோடு விஷயம் முடிந்தது. டெஸ்ட் சட்டையின் முதுகில் பெயரும் எண்ணும் வந்ததே 2019 ஆகஸ்டில்தான். முதலில் ஆஷஸ் தொடரில் வந்தது, அதே மாதக் கடைசியில் வெஸ்ட் இண்டீஸில் ஆடிய நம் அணிக்கும் வந்தது. 2016ல் ஆடிய சட்டை என்றால் முதுகு வெறும் வெள்ளையாக இருக்க வேண்டும்.

அவரிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். "அப்போ என்னை ஏமாத்திட்டாங்களா சார்?" என்று கேட்டார். ஒன்பதாயிரம் கொடுத்து வாங்கியிருந்தாராம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆட்டத்தில் பயன்பட்ட பொருள்களைச் சேர்க்கிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. நான் எப்படிப் பார்க்கிறேன் என்பதையாவது எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் 31 வருடம் வேலை பார்த்தேன். அதில் 19 வருடம், தோலின் மேல்பக்கத்தை எமரித் தாளால் தேய்க்கும் பஃபிங் பிரிவில். வீடு வேலூர் சத்துவாச்சாரி. மாடி அறையில் இரண்டு இரும்பு பீரோ நிறைய 74 பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் 41 கிரிக்கெட் பந்துகள். மிச்சம் கீப்பர் கையுறை, காலில் கட்டும் பேட், ஒரு மட்டை, இரண்டு பளுதூக்கும் பெல்ட், நான்கு கபடி பனியன். நாடறிந்த வீரர் ஒருவருடைய பொருள்கூட அதில் இல்லை. எல்லாம் வேலூர், ஆற்காடு, காட்பாடி, ஆம்பூர் பக்கத்து ஆட்டங்களில் ஆடியவை.

ஆடியவை என்ற சொல்லை நான் கறாராகத்தான் பயன்படுத்துகிறேன். கடையில் வாங்கிய பொருள் ஒன்று. அணியின் பையில் இருந்து, மைதானம் வரை வந்து, ஆடாமலே திரும்பிப் போன பொருள் இன்னொன்று. உண்மையிலேயே களத்தில் இறங்கி அடிபட்ட பொருள் மூன்றாவது. விற்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைக் காட்டி மூன்றாவதன் விலையைச் சொல்வார்கள். எனக்கு மூன்றாவது மட்டும்தான் வேண்டும்.

பந்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், எனக்குத் தெரிந்த தோல் அதுதான். நல்ல பந்து என்றால் நான்கு துண்டுத் தோல், நடுவில் கார்க், அதைச் சுற்றி இறுக்கிய நூல், மேலே ஆறு வரிசைத் தையல். புதுப் பந்தின் எடை 155.9 கிராமிலிருந்து 163 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தோல் படிகாரம் போட்டுப் பதனிட்டது. ஷூவுக்குப் போகும் குரோம் தோலை அழுத்தினால் கொஞ்சம் மெத்தென்று கொடுக்கும், படிகாரத் தோல் அப்படிக் கொடுக்காது. கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவினாலே எனக்கு வித்தியாசம் தெரியும்.

ஆடிய பந்துக்கு இரண்டு முகம் உண்டு. ஒரு பக்கத்தைப் பையன்கள் பேன்ட்டில் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று வைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தில் வியர்வையும் துணியும் பட்டு ஒரு கருஞ்சிவப்பு ஏறியிருக்கும். மறுபக்கம் சொரசொரவென்று வெளுத்துக் கிடக்கும். அடுத்து தையலைப் பார்ப்பேன். பிட்சில் நார்ப் பாய் விரித்த மேட்டிங்கில் ஆடிய பந்து என்றால் தையல் இடுக்கில் நார்த் தூசி அடைந்திருக்கும், மண் பிட்சில் ஆடியது என்றால் மண். எல்லைக் கோட்டில் போட்ட சுண்ணாம்பு எங்காவது ஒரு திட்டாக ஒட்டியிருந்தால் எனக்குச் சந்தோஷம். சிமென்ட் கட்டை மேல் பட்ட வெட்டு ஒன்றிரண்டு இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்த பந்தைக் கண்டால் கையை இழுத்துக்கொள்வேன். எந்த பௌலரும் அப்படித் தேய விட மாட்டான்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். 2009ல் சென்னையில் ஒரு கடையில் ரஞ்சி ஆட்டத்தில் ஆடிய பந்து என்று ஒன்றை நாலாயிரத்துக்கு வாங்கினேன். கண்ணாடிப் பெட்டி, அடியில் ஒரு சான்றிதழ், அதில் தங்க நிற முத்திரை. பஸ்ஸில் வரும்போது மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் டியூப்லைட் அடியில் பெட்டியைத் திறந்து பந்தைச் சாய்த்துப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. சொரசொரப்பு முழுக்க ஒரே திசையில் ஓடியது. மெல்லிசான கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக. எமரித் தாள் போட்ட தடம் அது. பஃபிங் மெஷினில் 19 வருடம் அதே தடத்தை நான் தினமும் பார்த்திருக்கிறேன்! ஆட்டத்தில் தேய்ந்த தோலில் திசையே இருக்காது. ஓர் இடம் குழி விழுந்திருக்கும், பக்கத்திலேயே ஓர் இடம் அப்படியே இருக்கும், இன்னோர் இடத்தில் தோல் செதிலாக எழும்பியிருக்கும். என் தொழில் எனக்குச் சொல்லித் தந்ததைக் கடையில் வைத்தே பார்க்காமல் சான்றிதழைப் பார்த்தேன். அந்தப் பந்தை இன்னும் வைத்திருக்கிறேன், தனியாக ஒரு டப்பாவில். 74ல் அதைச் சேர்க்கவில்லை.

அன்றிலிருந்து சான்றிதழுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. ஆடியவரே தன் கையால் எழுதிய ஒரு பக்கம் வேண்டும். எந்தத் தேதி, எந்த மைதானம், யாருக்கு எதிராக, எத்தனை ஓவர், பந்தில் இந்த வெட்டு எப்படி விழுந்தது. மொழி, கையெழுத்து எதுவும் எனக்குப் பொருட்டில்லை. ஒரு பையன், "ஏழாவது ஓவர்ல நெட்டுக்கு அந்தாண்ட போயி டிராக்டர் மேல பட்டுச்சு, அதான் இந்த வெட்டு" என்று எழுதிக் கொடுத்தான். அந்த வெட்டில் நீல பெயின்ட் ஒட்டியிருக்கிறது. இதைவிட என்ன சான்று வேண்டும்?

அதற்கு அப்புறம் படம். பெரிய உலகத்தில் இதை போட்டோ பொருத்தம் பார்ப்பது என்கிறார்கள். மரடோனா 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோவில் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் ஒரு கோலும் ஓடி ஓடி ஒரு கோலும் போட்டாரே, அந்தச் சட்டை 2022ல் லண்டனில் 71 லட்சத்து 42 ஆயிரத்து 500 பவுண்டுக்கு ஏலம் போனது. அதற்கு முன்னால் ஒரு தகராறு வந்தது. மரடோனா குடும்பத்தார், அது முதல் பாதியில் போட்ட சட்டை, இரண்டு கோலும் போட்டது இரண்டாம் பாதியில், அந்தச் சட்டை வேறு என்றார்கள். அப்போது பழைய படங்களை வைத்து, முத்திரையும் கோடுகளும் எண்ணும் உட்கார்ந்திருந்த விதத்தை ஒப்பிட்டுத்தான் இது இரண்டாம் பாதிச் சட்டை என்று ஏலக்காரர்கள் நிறுவினார்கள். பேப் ரூத் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரர் 1932 உலகத் தொடரில் போட்ட சட்டை 2005ல் 9 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய படங்களோடு பொருந்துகிறது என்று உறுதியான பின் 2024ல் 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டியது. துணி அதே துணிதான்.

நான் செய்வது அதன் சின்ன வடிவம். காட்பாடியில் ஆடிய ஒரு கீப்பரின் பேடை வாங்கும் முன் அவருடைய நண்பர்களின் போனில் இருந்த படங்களை எல்லாம் பார்த்தேன். இடது பேடின் நடு வாரில் கறுப்பு நூல் போட்டுத் தைத்த ஒட்டு இருக்கிறது. 2014 பொங்கல் டோர்னமென்ட் படத்தில் அந்த ஒட்டு தெரிகிறது, அதற்கு முந்தைய வருடப் படத்தில் இல்லை. அவர் சொன்ன கதையும் அதுதான். அப்புறம்தான் பணத்தை எடுத்தேன்.

பொருளின் மேல் கையெழுத்து வாங்குவது எனக்குப் பிடிக்காது. ஆட்டம் போட்ட தடத்தின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதினால் மை தோலுக்குள் இறங்கிவிடும், கீழே இருந்த தடம் போய்விடும். கையெழுத்து வேண்டுமானால் காகிதத்தில் போடட்டும்.

கழுவுவதும் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். வேலூர்க் கோட்டை மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது அகழியில் விழுந்து, மறுநாள் பையன்கள் எடுத்துக் கொடுத்த பந்து ஒன்று என்னிடம் இருக்கிறது. படிகாரத் தோலுக்குத் தண்ணீர் ஆகாது. படிகாரம் தோலை நிலையாகப் பிடித்துக்கொள்வதில்லை. மேல் பூச்சு தேய்ந்த பந்து நனைந்தால் படிகாரம் கரைந்து வெளியே வந்துவிடும், காய்ந்ததும் தோல் தகடு மாதிரி விறைக்கும். அந்தப் பந்தில் தையலோரம் முழுக்க விரிந்துவிட்டது. பந்தை ஈரத்துணியால் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் அதை எடுத்துக் காட்டுவேன்.

என் மனைவிக்கு இதில் வருத்தம் உண்டு. கீப்பர் கையுறையின் உள்ளே பத்து வருட வியர்வை. "வாசனைக்கு ஏதாவது வழி பண்ணுங்க, கல்யாணப் பேச்சுக்கு ஆள் வர்ற வீடு" என்றாள். அவள் கேட்டது நியாயம். அதனால்தான் எல்லாம் மாடிக்குப் போயின. கையுறையைப் பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் தோலை வெடிக்க வைத்துவிடும், அப்போது பீரோவை மேற்குச் சுவரிலிருந்து நகர்த்தி வைக்கிறேன். பிளாஸ்டிக் கவர் மட்டும் கூடவே கூடாது, தோல் உள்ளேயே புழுங்கிப்போகும்.

பெல்ட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சத்துவாச்சாரிக்குப் பளுதூக்குதல் என்றால் தனிப் பெருமை. எங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கம் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 2014ல் கிளாஸ்கோவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார், 2018ல் கோல்ட் கோஸ்ட்டில் 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது மாவட்டப் போட்டியைத் தாண்டாத ஒரு தம்பியுடையது. பெல்ட்டைக் கேட்டபோது அவன், "இன்னாண்ணா, மெடல் கேப்பாங்கன்னு பாத்தா பெல்ட்ட கேக்கறியே" என்றான். அந்த பெல்ட்டின் நான்காவது ஓட்டை நீள்வட்டமாக இழுபட்டிருக்கிறது, மூன்றாவது கொஞ்சம், ஐந்தாவது லேசாக. எடைப் பிரிவு மாறி மாறி அவன் உடம்பு பெருத்ததும் இளைத்ததும் அதில் இருக்கிறது. உள்பக்கம் மெக்னீசியப் பவுடர் வெள்ளையாகப் படிந்து, வியர்வையில் கட்டியாகி, தோலின் மடிப்போடு மடிப்பாக நிற்கிறது. மெடலைப் பார்த்து இவ்வளவும் தெரிந்துகொள்ள முடியாது.

விலை விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு வழக்கம்தான். ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளிடம் பணம் கொடுத்து வாங்க மாட்டேன். கஷ்டத்துக்கு விற்றுவிட்டு அடுத்த மேட்ச்சுக்கு இரவல் கையுறையோடு நிற்பார்கள். என் அம்மா பழைய பட்டுப் புடவையைப் போட்டு எவர்சில்வர் குடம் வாங்குவாள். அதே கணக்குதான் எனக்கும், பழையதை எனக்குக் கொடு, அதே அளவில் அதைவிட நல்லதாகப் புதியது ஒன்று உனக்கு. புதியது அவர்கள் கைக்குப் பழகும் வரை பழையதை நான் கேட்பதும் இல்லை. ஒரு பையன் எட்டு மாதம் கழித்துத்தான் கொடுத்தான். அந்த எட்டு மாத ஆட்டமும் பழைய கையுறையில்தான் ஏறியிருந்தது.

இப்போது ஆற்காட்டில் ஒரு பெண் கீப்பரின் கையுறைக்காகக் காத்திருக்கிறேன். கல்லூரி அணிக்கு ஆடுகிறாள். வலது கையுறையில் ரப்பர் புள்ளிகள் நடுவிரலுக்குக் கீழே மட்டும் முழுசாகத் தேய்ந்துவிட்டன, பந்தை அவள் வாங்குகிற இடம் அது. மீரட்டிலிருந்து வரவழைத்த புதுக் கையுறையை அவளிடம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். "இன்னும் டைட்டாவே இருக்கு அங்கிள், செமி ஃபைனல் முடிஞ்சு தரட்டுமா?" என்றாள். தாராளமாக என்றேன். செமி ஃபைனல் வருகிற சனிக்கிழமை காலை எட்டரைக்கு. நானும் போகிறேன், அந்தக் கையுறை கடைசியாக ஆடுவதைப் பார்க்க வேண்டும்.