மூன்றாவது ரவுண்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

அக்னிவீர் எழுத்துத் தேர்வில் தேறிய எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அடுத்தது ரேலி, அதாவது ராணுவத்தின் உடல்தகுதித் தேர்வு. 1,600 மீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண். அதைத் தாண்டி 5:45க்குள் வந்தால் 48தான். பள்ளி மைதானத்தில் 400 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறோம். நாலு ரவுண்டு, ரவுண்டுக்கு 82 விநாடி.

விசில் ஊதியதும் முதல் ரவுண்டை 70 விநாடியில் பறந்தார்கள். மூன்றாவதில் பார்க்கணும்! தோள் காது வரைக்கும் ஏறிவிட்டது, கை மார்புக்குக் குறுக்கே ஆடுகிறது. ஓட்டம் கைவிட்டுப் போவது அங்கேதான். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்ட் பயிற்சியின்போது எங்கள் உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) கத்தியதும் இதற்காகத்தான்: முதல் ரவுண்டில் அடங்கி ஓடு.

ஆகஸ்ட் 7, வியாழன்

பீம், அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது. பத்து எடுத்தால் 40 மதிப்பெண், ஆறுகூட எடுக்காவிட்டால் வெளியே. தாடை கம்பிக்கு மேலே வரணும், இறங்கும்போது முழங்கை முழுசாக நீளணும். காலை உதறி ஏறுவதெல்லாம் கணக்கில் வராது.

ஒரு தம்பி ஏழோடு நின்றுவிடுகிறான். அவனை ஸ்டூலில் ஏற்றிக் கம்பிக்கு மேலே தாடையை வைக்கச் சொல்லி, அங்கிருந்து மெதுவாக இறங்க வைத்தேன். கீழே வருவதற்குள் முன்கை நடுங்கியது. மோதிர விரலுக்கு அடியில் தோல் உரிந்து சிவந்திருந்தது. கம்பியை உள்ளங்கையில் ஆழமாகப் பிடித்தால் இப்படித்தான் தோல் மடிந்து கிழியும். விரலடியில் பிடிக்கப் பழக்கினேன். ஒரு வாரத்தில் எட்டு வரும் என்று நம்புகிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஓட்டத்துக்கு லீவு. எல்லோரையும் உட்கார வைத்துக் காது பார்த்தேன். காதில் அழுக்கு அடைத்திருந்தாலே மருத்துவப் பரிசோதனையில் நிறுத்தி வைப்பார்கள்; டாக்டரிடம் போய் முன்கூட்டியே சுத்தம் செய்துவிடணும்.

அப்புறம் கால். நன்றாக ஓடும் பையன் ஒருவனுக்கு நேராக நிற்கும்போது முழங்கால் இரண்டும் முட்டுகிறது, கணுக்கால் சேரவில்லை. இதற்காக மருத்துவப் பரிசோதனையில் தள்ளிவிடலாம் என்று மறைக்காமல் சொல்லிவிட்டேன். இத்தனை உழைப்புக்கும் பிறகு ரேலியில் போய்த் தெரிந்துகொள்வது கொடுமை. “டாக்டர் சொல்லட்டும் மாமா, அதுவரைக்கும் ஓடுறேன்” என்றான். நாளை அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டரைப் பார்க்கக் கூட்டிப் போகிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று முதல் ரவுண்டு 81, மூன்றாவது 83. மனசு நிறைந்துவிட்டது. ரேலியில் கும்பலாக விடுவார்கள், முழங்கை இடிபடும், பின்னாலிருப்பவன் குதிகாலை மிதிப்பான். அதனால் எல்லோரையும் நெருக்கி நிறுத்தித்தான் இப்போது விசில் ஊதுகிறேன்.

ஊசி போட்டால் மூச்சு வாங்காது என்று யாரோ காசு கேட்டிருக்கிறார்கள். தம்பிகளா, தயவுசெய்து வேண்டாம். இதயத்தோடு விளையாடாதீர்கள்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே கேட்டிருக்கிறார். நாளை பள்ளியில் கொடியேற்றம் முடிந்ததும் மைதானம் கிடைக்கும். ரேலியில் வரும் ஒன்பதடிப் பள்ளம் தாண்டுவது மட்டும் பார்ப்போம்.