நாலு அடி ஒட்டுப்போட்ட கோல்போஸ்ட்

எங்கள் பள்ளி மைதானத்து கோல்போஸ்டை உற்றுப் பார்த்தால், மேல் குழாயில் வலது கம்பத்திலிருந்து நாலு அடி தள்ளி ஒரு வெல்டிங் தழும்பு தெரியும். கோல்போஸ்ட் என்றால் 24 அடி அகலம், 8 அடி உயரம். ஜி.ஐ. குழாயோ கடையில் 20 அடி நீளத்தில்தான் வரும். பென்னாகரத்தில் வெல்டிங் பட்டறைக்காரரிடம் அளவைச் சொன்னதும், "சின்னப் பசங்கதானே சார், 20 அடியோட விட்டுடலாமே?" என்றார். முடியாது என்றேன். பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் குறுவட்டப் போட்டிக்குப் போனால் எங்கள் கோல்கீப்பர் அந்த விட்டுப்போன நாலு அடியில்தான் கோல் வாங்குவான்.

அதற்கு முன்னால் சவுக்குக் கம்புதான். வெயிலும் மழையும் பட்டு நடுவில் தொய்ந்துவிடும். பந்து உள்ளே போனதா மேலே போனதா என்று தினம் ஒரு பஞ்சாயத்து.

நான் இங்கே பி.டி. வாத்தியார். கபடிக்கு ஆள் தேடவே வேண்டாம், கூப்பிடாமலே வருவார்கள். ஃபுட்பாலுக்குத்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. முதல் வருஷம் எட்டாவதில் ஒரே செட்டாக 14 பேர் சிக்கினார்கள். அவ்வளவுதான், காலையும் மாலையும் அவர்களோடுதான் கிடந்தேன். பந்து அறைச் சாவி என் சட்டைப்பையில், பம்பு என் பீரோவில். அவர்கள் பன்னிரண்டாவது வந்தபோது மாவட்ட இறுதி ஆட்டம் வரை போனோம். தோற்றோம், அது பரவாயில்லை.

அடுத்த ஜூனில்தான் உறைத்தது. பந்து பத்து இருந்தது, ஆட மூன்று பேர் வந்தார்கள். அந்த 14 பேரில் பாதிப் பேர் பெங்களூருக்கு பேக்கரி வேலை, கட்டட வேலை என்று போய்விட்டார்கள், மீதிப் பேர் காலேஜ். ஐந்து வருஷத்தில் நான் வளர்த்தது ஒரு செட் பையன்களை. டீம் என்று ஒன்று பள்ளியில் உருவாகவே இல்லை. யார்மேலும் பழி போட வழியில்லை, என் புத்திதான்.

அதற்கப்புறம் ஆறாவதிலிருந்து தொடங்கினேன். பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவாக நடக்கும். பெரிய பையன்கள் ஜெயிக்கிறார்கள் என்று சின்னவர்களை விட்டால் மூன்றே வருஷத்தில் மைதானம் காலி. அதனால் பதினொன்றாவது படிக்கும் ஒவ்வொருவன் பொறுப்பிலும் இரண்டு ஆறாவது பையன்கள். ஷூ கயிறு கட்டுவது, உள்பாதத்தால் பாஸ் போடுவது எல்லாம் அண்ணன்களே சொல்லித் தருவார்கள். நான் சொன்னால் பயப்படுவான், அண்ணன் சொன்னால் கேட்பான். சாவியும் பம்பும் ஒன்பதாவதுக்குப் போய்விட்டன.

பத்தாவது வந்தால் வேறு தலைவலி. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பையன் வீட்டுக்குப் போனேன். அம்மா தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை. "பத்தாவது சார், இனிமே பந்து வேணாம்." விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை 3 சதவீதம் என்று ஆசை காட்டியிருக்கலாம். எனக்கு அது பிடிக்காது, மாவட்ட அளவில் ஆடியவனுக்கு அது எட்டாக்கனி. காலையில் ஒரு மணி நேரம் மட்டும், திருப்புதல் தேர்வு வாரத்தில் அதுவும் இல்லை என்றேன். "மார்க் குறைஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். சரி என்று வந்தேன். அரையாண்டில் கணக்கில் குறைந்தது. பதில் சொல்லத் திரும்பவும் போனேன். திட்டிவிட்டு, ஒரு பை தக்காளி கொடுத்து அனுப்பினார்.

பெண்கள் அணி போன வருஷம்தான் ஆரம்பித்தோம், அதைத் தனியாக எழுதணும்.

போன திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் போனேன். பந்து அறை வாசலில் ஓர் ஆறாவது பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பந்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பம்பு ஊசியை நாக்கில் ஒற்றி மெதுவாக வால்வுக்குள் செருகிக்கொண்டிருந்தான். முதல் செட்டுக்கு நான் சொல்லிக்கொடுத்த வித்தை அது. என்னைப் பார்த்ததும், "காஞ்ச ஊசியைக் குத்தினா வால்வு கிழிஞ்சிடும் சார், தெரியுமா?" என்றான்.

அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.