ராக்கெட் டேங்க் பிறக்கும் ஊரிலிருந்து குலசை வரை

ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போய் ராக்கெட் ஏறுவதைப் பார்த்தவர்கள் ஏராளம். அதன் உடம்பை வளைத்துப் பற்றவைக்கும் இடத்தைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. அந்தப் பயணத்தை பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையில் தொடங்க வேண்டும். 1940-ல் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து தொடங்கிய விமான ஆலைதான் இன்றைய எச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்). ராக்கெட், செயற்கைக்கோள் கட்டமைப்புகளுக்கென்று அங்கே தனிப் பிரிவு ஒன்று 1988-லிருந்து இயங்குகிறது. ஆலைக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. பக்கத்திலுள்ள எச்ஏஎல் அருங்காட்சியகத்தில் மாருத், அஜித், கிரண் விமானங்களைப் பார்க்கலாம். அவற்றின் ரிவெட் வரிசைகளை நின்று பாருங்கள். ராக்கெட் டேங்குக்கு அந்த வழி உதவாது. ரிவெட் துளை எதுவும் இல்லாமல், முழுக்க வெல்டிங்கில்தான் அது நிற்க வேண்டும்.

2020-ல் எச்ஏஎல் இஸ்ரோவிடம் ஒப்படைத்த திரவ ஹைட்ரஜன் டேங்கையே எடுத்துக்கொள்வோம். விட்டம் 4 மீட்டர், நீளம் 8 மீட்டர், கொள்ளளவு 89 கன மீட்டர். அதில் 5,755 கிலோ ஹைட்ரஜன் நிரப்பலாம். மொத்த வெல்டிங் நீளம் 115 மீட்டர். டேங்கின் சுற்றளவை ஒன்பது முறை சுற்றி வந்த கணக்கு. உலோகம் 2219 ரக அலுமினியம், செம்பு கலந்தது. கடுங்குளிரில் நொறுங்காது என்பதால் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அதன் வலு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். அதனால் தகட்டை மில்லிங் எந்திரத்தில் சீவும்போதே ஓரத்தை மட்டும் தடிமனாக விட்டுவைப்பார்கள்.

வெல்டிங் கெடுவதற்கு முதல் காரணம் ஈரம். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை உறிஞ்சும். உறையும்போது வெளியே தள்ளும். தள்ளியது வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே குமிழியாக நின்றுவிடும். கைரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு, தகட்டின் மேலுள்ள ஆக்சைடு படலம், மழைக்காலக் காற்று எல்லாமே இதற்குப் போதும். எனவே எண்ணெய் நீக்கி, ஓரத்தைச் சுரண்டி, தாமதிக்காமல் பற்றவைக்க வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிமில் குமிழி கரும்புள்ளியாகத் தெரியும். வெல்டிங் கருவியின் டங்ஸ்டன் முனை உருகிய குழம்பில் பட்டு ஒரு துணுக்கு சிக்கியிருந்தால் வெண்புள்ளி. இரண்டு தகட்டின் ஓரங்களும் மட்டம் தவறியிருந்தாலும் ஆபத்துதான், அழுத்தம் ஏறும்போது வெல்டிங்கில் வளைவு விசை கூடும். குறையைத் தோண்டி மறுபடி பற்றவைத்தால் அந்த இடம் இன்னும் இளகும். அதனால் முதல் முறையே சரியாக வருவதுதான் வெல்டரின் பெருமை. அந்த 115 மீட்டரும் முழுதாக எக்ஸ்ரே, சாயம் பூசி விரிசல் தேடும் சோதனை, கசிவுச் சோதனை மூன்றையும் தாண்டியது. மைனஸ் 253 டிகிரியில் ஹைட்ரஜன் நிரம்பும்போது இந்த 8 மீட்டர் டேங்க் 3 சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கும். அத்தனை வெல்டிங்கும் அதைத் தாங்க வேண்டும்.

2022 செப்டம்பரில் 208 கோடி ரூபாய் செலவில் எச்ஏஎல்லின் கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) எஞ்சின் ஆலையும் பெங்களூரில் திறக்கப்பட்டது.

இஸ்ரோவின் மிகப் பெரிய ராக்கெட்டான எல்விஎம்3-ன் திரவ எரிபொருள் அடுக்குகளை ஒன்றுசேர்க்கும் இடம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. பெங்களூரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44 ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், மதுரை வழியாக அங்கே கொண்டு சேர்க்கும். சாதாரண லாரி இரண்டரை மீட்டர் அகலம், டேங்க் 4 மீட்டர். இந்த அகலச் சரக்குக்கு டோல்கேட்டில் ஓரத்து அகல லேன்தான் கதி. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய் இறக்கத்தில் விபத்துகள் அதிகம், உங்கள் காரையும் கீழ் கியரில் இறக்குங்கள். பணகுடி தாண்டினால் மேற்கே மகேந்திரகிரி மலை தெரியும். காவல்கிணறு பக்கம் காற்றாலைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். இஸ்ரோ வளாகத்துக்குள் போக முன் அனுமதி வேண்டும். வாசலில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

அங்கிருந்து கிழக்கே திசையன்விளை, உடன்குடி வழியாகக் குலசை என்கிற குலசேகரன்பட்டினம் போகலாம். 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு இங்கே அடிக்கல் நாட்டினார்கள். வடக்கு தெற்காகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் இலங்கையைச் சுற்றிப் போக வேண்டும், சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய எரிபொருள் இழப்பு. குலசையிலிருந்து தெற்கே நேராகக் கடல்தான். இத்தளம் 500 கிலோ வரை சுமக்கும் எஸ்எஸ்எல்வி என்ற சின்ன ராக்கெட்டுக்கானது. அதன் தொழில்நுட்பத்தை 2025 ஜூனில் 511 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது எச்ஏஎல்.

இதுதான் பெரிய மாற்றம். இதுவரை இஸ்ரோ தந்த வரைபடப்படி உறுப்புகள் செய்து கொடுத்த நிறுவனம், இனி முழு ராக்கெட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டும். எல் அண்ட் டி நிறுவனத்தோடு சேர்ந்து 5 பிஎஸ்எல்வி ராக்கெட்டுகள் செய்ய 2022-லேயே 860 கோடிக்கு ஒப்பந்தம் போட்டதும் இந்தத் திசையில்தான். எஸ்எஸ்எல்வியின் மூன்று அடுக்குகளும் திட எரிபொருள். அலுமினிய வேலையில் தேர்ந்த கைகள் இங்கே புதிதாகப் பழக வேண்டியது நிறைய இருக்கிறது. ஒப்பந்தத்தின் முதல் 24 மாதத்தில் இஸ்ரோவின் வழிகாட்டுதலில் இரண்டு ராக்கெட்டுகளைச் செய்து பறக்கவிட வேண்டும்.

குலசைக்குப் போகிறவர்கள் முத்தாரம்மன் கோயில் தசராவின் பத்து நாளைத் தவிர்த்துவிடுங்கள்; அந்த நாட்களில் திருச்செந்தூர் சாலையில் கார் நகராது.